ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஏன் வெளியே போவதில்லை?

கேள்வி: தொடர்மாடிவாசி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். சில கிழமைகளாக என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் என் தங்கை கடந்த மாதம் பிள்ளைகளுடன் வந்து எங்கள் வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய ஒன்பது வயது மகள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, இண்டைக்கு எங்க போறம்?" என்று கேட்டாள். எங்கும் போகவில்லை என்றேன். அந்தப் பதில் அவளுக்கு விளங்கவேயில்லை. அவர்கள் ஊரில் மழையானாலும் பனியானாலும் ஞாயிறு என்றால் காட்டுப் பக்கம் போய், பாணும் சுடுபானமும் கொண்டுபோய் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கமாம். அதற்கென்று "ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்" என்று ஒரு சொல்லே இருக்கிறதாம். திறந்தவெளி வாழ்வு என்று தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. யன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ் வீதி, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். இவ்வளவு அருகில் கடலை வைத்துக்கொண்டு, என் மகன் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை மணலில் கால் வைத்தான் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை. மற்ற ஞாயிறுகள் எல்லாம் ரியூஷன், கோயில், கலியாண மண்டபம், அங்காடித் தொகுதி, மத்தியானத் தூக்கம் என்று போய்விட்டன. வெயிலுக்குள் போனால் பிள்ளை கறுத்துப்போகும் என்று என் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். அதை மறுத்துப் பேசும் நானும் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் மறுக்கிறேன்.

இது வெப்பத்தினால் மட்டும் வந்ததா? வசதியும் வர்க்கமும் சார்ந்ததா? யுத்தக் காலத்துப் பயம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லையா? அல்லது நம்மிடமும் அப்படியொரு வாழ்வு வேறு பெயரில் இருந்து, அதை அடையாளம் காண எனக்குத்தான் தெரியவில்லையா? உடற்பயிற்சிக்கான ஆலோசனையை நான் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிக் காலையில் வேகமாக நடப்பவர்களை நான் அறிவேன். மருத்துவர் சொன்னதற்காக நடப்பதும், வெளியில் இருக்கவேண்டும் என்பதற்காகவே வெளியில் போவதும் ஒன்றல்ல.

பதில்: வடகடல் (தெஹிவளை)

சகோதரி, நான் பதினான்கு ஆண்டுகள் நோர்வேயில் வாழ்ந்து திரும்பியவன் என்பதால், உங்கள் தங்கை மகளின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நாட்டைப் பற்றிச் சொல்லும் கடமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

நோர்வேக்காரர் இயற்கை மீது காதலோடு பிறந்தவர்கள் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. அவர்களும் தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் "ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்" என்ற அந்தச் சொல்லுக்கே அவ்வளவு வயதில்லை. நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1859இல் எழுதிய ஒரு கவிதையில்தான் அது முதலில் அச்சேறியது. அதற்கு முன்னும் அந்த மலைகளில் இடையர்கள் இருந்தார்கள், அந்தக் கடலில் மீனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. மகிழ்ச்சிக்காக மலை ஏறியவர்கள் நகரத்தில் வசதியாக வாழ்ந்தவர்களும், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வந்த ஆங்கிலேயக் கனவான்களும்தான். 1868இல் மலைநடைச் சங்கம் தொடங்கியது. 1888இல் ஃப்ரிட்ஜோஃப் நான்சன் கிறீன்லாந்தைப் பனிச்சறுக்கில் குறுக்காகக் கடந்து தேசிய வீரரானார். சுவீடனுடனான இணைப்பிலிருந்து 1905இல் விடுபட்ட நாட்டுக்கு, தன்னைத் தானே அடையாளம் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. பெரிய அரண்மனைகளோ பேரரசோ கைவசம் இல்லாத நிலையில், மலையும் பனியுமே அந்த அடையாளமாகின.

அடையாளம் மட்டும் மக்களை வெளியே கொண்டுவராது. அதற்கு நேரம் வேண்டும், உரிமை வேண்டும், போய்ச்சேர வழி வேண்டும். எட்டு மணி நேர வேலைநாள் அங்கே 1919இல் சட்டமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளைத் திறக்கக்கூடாது. 1957ஆம் ஆண்டின் சட்டமொன்று, பயிரிடப்படாத நிலம் யாருக்குச் சொந்தமானாலும் அதில் எவரும் நடக்கலாம், அமரலாம், வீடுகளிலிருந்து 150 மீற்றருக்கு அப்பால் கூடாரமிட்டு இரண்டு இரவு தங்கலாம் என்று எழுத்தில் உறுதிசெய்தது. ஒஸ்லோவின் நகரப் புகையிரதத்திலேயே பனிச்சறுக்குப் பலகையுடன் ஏறி, காட்டின் விளிம்பில் போய் இறங்கலாம். எந்தப் பிள்ளையின் முதுகுப்பையிலும் மடித்துவைத்த ஒரு சிறிய பஞ்சுத்தட்டு இருக்கும். ஈரமான கட்டையின்மேல் அதை விரித்துத்தான் உட்காருவார்கள். பாலர் பாடசாலையிலேயே அதைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, இது குணம் அல்ல, பயிற்சி என்று.

பயிற்சியில் எனக்குப் பிடித்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் மலைகளில் பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். அதன்பின் மலையில் நடந்துகொள்ளும் விதிகளை நாடெங்கும் பரப்பினார்கள். அவற்றுள் ஒன்று, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. வீரத்தைப் பாடிய ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெளிச்சத்தையும் மறந்துவிடக்கூடாது. ஒஸ்லோவில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. ஜூன் பிற்பகுதியில் கிட்டத்தட்டப் பத்தொன்பது மணி நேரம். கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அவர்கள் வெயிலுக்கு ஏங்குகிறார்கள், நாம் நிழலுக்கு ஏங்குகிறோம். அவர்களுடைய பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து, பதினொரு மணி வெயிலில் பிள்ளைகளை நடத்திச்சென்றால் அது கொடுமையாகத்தான் முடியும்.

அங்கே வாழும் நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். ஆரம்பத்தில் போனவர்களில் பலர், பரீட்சை இல்லாமல் தங்கிப் படிக்கும் மக்கள் உயர்பாடசாலைகள் வழியாகப் போய், பின்னர் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தவர்கள். கிழமை முழுவதும் குளிர்ந்த மண்டபத்தில் ஈரக் கையுறையுடன் நின்றவர், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குளிரைத் தேடிப் போவாரா? அவர்களுடைய பிள்ளைகள்தான் போகிறார்கள். உங்கள் தங்கை மகள் சப்பாத்தோடு வாசலில் நின்றதற்குப் பின்னால் அந்தத் தலைமுறை இடைவெளியும் இருக்கிறது.

பதில்: மஸ்கெலியா மகன் (மருதானை)

வடகடல் அண்ணன் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான்.

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். காலையில் மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். தேயிலைச் செடியின் ஈரமும் கீறலும் தொடையில் படாமல் இருப்பதற்காக. அட்டை ஏறாமல் இருக்கக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சவர்க்காரத்தைக் காயவிட்டுப் பூசிக்கொள்வார். பகல் பத்து மணிக்கு மழை பெய்தால் அந்தச் சவர்க்காரம் நுரைத்து வழிவதைச் சின்ன வயதில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். மாலையில் நிறுவைக்கு நிற்கும்போது முதுகு முழுவதும் ஈரம். அப்படிப்பட்டவரிடம் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் இயற்கையை அனுபவிக்கலாம் என்று சொல்லிப்பாருங்கள். அம்மாவுக்கு ஓய்வு என்றால் கூரை, அடுப்பு, காய்ந்த கால்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் வணிகப் பயிராகத் தேயிலையை நட்ட காலத்திலிருந்து, மலையகத்தின் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் நம்முடைய ஆட்களின் கால்களால் தேய்ந்தவை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோர் என்னும் தேயிலை ஆலைக்கும், பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்துக்கும், கோயிலுக்கும் போன குறுக்குப் பாதைகள் அவை. இன்று கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, இருபத்திரண்டு கட்டங்களாக முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. அதில் வெளிநாட்டார் கைத்தடியுடன் நடக்கிறார்கள். அதை நான் குறைகூறவில்லை. வழிகாட்டியாக நாலு பையன்களுக்கு வேலை கிடைக்கிறது. வழியில் தேநீர் விற்கும் வீடுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரே பாதை, ஒரே மழை, ஒரே அட்டை; ஒருவருக்கு அது விடுமுறை, மற்றவருக்கு அது நாட்சம்பளம். திறந்தவெளி வாழ்வு என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதே அம்மா ஒவ்வொரு பருவத்திலும் சிவனொளிபாதமலை ஏறுவார். நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவில், குளிரில், ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, பக்கத்து லயத்துப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டே போவார். முன்பின் தெரியாத சிங்களத் தாய்மார் படியில் நின்று மூச்சு வாங்கும்போது அவர்களுக்குக் கை கொடுப்பார். அவர்களும் இவருக்குக் கொடுப்பார்கள். விடியும்போது மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுந்து நீண்டு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருப்பார். ஆகவே அவருக்கு வெளி பிடிக்காது என்று எப்படிச் சொல்வது? அங்கே அவரை யாரும் கிலோவால் நிறுப்பதில்லை. அவ்வளவுதான்.

அக்காவின் கேள்வியில் எனக்கு ஒரு சிறிய மறுப்பும் உண்டு. "நாம்" போவதில்லை என்கிறீர்கள். எந்த நாம்? புறக்கோட்டைக் கடைகளில் ஆறு நாளும் மூட்டை தூக்கும் எங்கள் ஊர்ப் பையன்களை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலில் பாருங்கள். இருக்கும் ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அலை வந்து காலில் அடிக்கும் இடத்தில் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு இறால் வடை, பிறகு இருட்டும்வரை காற்று. வாடகை அறையில் ஆறு பேர் படுப்பவர்களுக்கு வெளிதான் வரவேற்பறை. யன்னலிலிருந்து கடல் தெரியும் வீட்டில் இருப்பவர்தான் கடலுக்குப் போவதில்லை. மனம் நோகவேண்டும் என்று சொல்லவில்லை அக்கா, பார்த்ததைச் சொல்கிறேன்.

பதில்: பழைய கொழும்பான் (பம்பலப்பிட்டி)

எழுபத்துநான்கு வயதாகிறது எனக்கு. இந்த இழையை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள்.

இப்சனின் கவிதை 1859 என்று வடகடல் தம்பி எழுதியதைக் கேட்டதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. காலிமுகத்திடலின் நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி முடித்ததும் அதே 1859தான். அங்கே நிற்கும் கல்லில், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக இதைத் தனக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெண்கள் எந்தப் பெண்கள் என்பது வேறு விடயம். அங்கே குதிரைப் பந்தயம் ஓடியது, துரைமார் கோல்ஃப் விளையாடினார்கள். இருந்தாலும் திடல் மெல்ல மெல்ல எல்லோருடையதும் ஆயிற்று. சின்ன வயதில் அப்பா எங்களை அங்கே பட்டம் விடக் கூட்டிப்போவார். கையில் நூல் வெட்டிய அடையாளத்தோடு வீட்டுக்கு வருவோம்.

பிள்ளை கேட்ட கேள்விகளில் யுத்தத்தைப் பற்றியதற்கு மட்டும் நான் பதில் சொல்ல முடியும். 1983க்குப் பிறகு எங்கள் வீட்டில் வெளியே போவது என்பதன் பொருளே மாறிவிட்டது. எங்கே போகிறாய், எந்த வீதியால், அடையாள அட்டை இருக்கிறதா, இருட்ட முதல் வருவாயா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாமல் என் பையன்கள் படலையைத் தாண்டியதில்லை. ஒருமுறை, 1990களின் நடுப்பகுதி என்று நினைவு, மூத்தவன் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது, ஏன் இங்கே நிற்கிறாய் என்று அவனை நிறுத்திக் கேட்டார்கள். சும்மா நிற்கிறேன் என்று சொன்னானாம். அந்தப் பதில் போதவில்லை. அன்றிரவு பத்து மணிக்குத்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தது. ஒரு காரணமும் இல்லாமல் ஒரு வெளியில் நிற்பதற்கு அந்த நாட்களில் எங்களுக்கு வழி இருக்கவில்லை. திறந்தவெளி வாழ்வு என்று நீங்கள் சொல்வது காரணம் இல்லாமல் நிற்பதைத்தானே? அதை இருபத்தாறு வருடம் மறந்திருந்த ஒரு சமூகம், யுத்தம் முடிந்த மறுநாளே நினைவுக்குக் கொண்டுவராது. என் மகனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது; இன்றைக்கும் கடற்கரையில் நின்றால் பின்னால் திரும்பிப் பார்ப்பான்.

ஆனால் காரணம் ஒன்று இருந்தால் நம்மவர் எவ்வளவு தூரமும் நடப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக இறங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளைக் காலால் கடந்து போவார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். யானை நடமாடும் அந்தக் காட்டில் மற்றக் காலத்தில் வாகனத்தைவிட்டு இறங்கவே விடமாட்டார்கள். அங்கே மரத்தடியில் சமைத்து, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் அள்ளி, வானத்தைப் பார்த்துப் படுத்துத் தூங்குகிறார்கள். நான் 1979இல் பொத்துவிலில் சேர்ந்து மிச்சத் தூரம் நடந்தேன். தோண்டிய ஊற்றில் முதலில் கலங்கல் வரும், பொறுத்திருந்தால் தெளியும். தெளிந்ததை ஒரு சிரட்டையால் மெதுவாக அள்ளவேண்டும் என்று ஒரு மட்டக்களப்பு அம்மா எனக்குக் காட்டித்தந்தார். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதை நாங்கள் பக்தி என்றுதான் சொன்னோம். அதற்குள் காடும் இருந்தது, ஆறும் இருந்தது.

பதில்: அதிகாலைப் பறவை (கொட்டாஞ்சேனை)

ஐயா அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. "பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக" என்ற அந்த வரியை நானும் போய் வாசித்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா காரணம் என்றார். நான் அனுமதி என்பேன். மார்கழி மாதத்தில் திருவெம்பாவைக்கு என்றால் எங்கள் வீட்டில் விடியற்காலை நான்கரை மணிக்கு நான் தனியாகக்கூட இறங்கி நடக்கலாம். தலையில் ஈரத்தோடு, பூத்தட்டோடு, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதே வீதியால், ஆறரை மணி வெளிச்சத்தில், முகத்துவாரக் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அண்ணன் துணைக்கு வரவேண்டும். வீதியும் அதே வீதி, பெண்ணும் அதே பெண். வெயில் என்கிறார்கள், பாதுகாப்பு என்கிறார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் கோயிலுக்குப் போகும்போது எங்கே போய்விடுகின்றன என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவிடம் பதில் இல்லை. அவர் என்னைக் கோபிக்கவும் இல்லை. அடுத்த கிழமை தானும் வருகிறேன் என்றார்.

அப்படித்தான் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம்: அம்மா, நான், வேலைத்தலத்துத் தோழிகள் மூவர், அவர்களில் ஒருவரின் மாமியார். மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறோம். பெரும்பாலும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேப் பக்கத்துப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு. ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்கு 2018இல் கிடைத்தது. உலகில் அதை முதன்முதலாகப் பெற்ற பதினெட்டு நகரங்களில் இதுவும் ஒன்று. இருந்தும் கொட்டாஞ்சேனையில் நான் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியவில்லை. சதுப்பு என்றால் நமக்குக் கொசுவும் குப்பையும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே மரப்பலகைப் பாதையில் நின்றால் காலுக்குக் கீழே தண்ணீர். நாணலுக்குள் நீலக் கோழிகள் சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். கபரகொயா என்னும் நீர் உடும்பு ஒன்று ஒரு நாள் பாதையின் நடுவில் படுத்துவிட்டது. நாங்கள் ஆறு பேரும் அது எழுந்து போகும்வரை கால் மணி நேரம் பேசாமல் நின்றோம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் தோழியின் மாமியார், தான் பிறந்த ஊர்க் குளக்கட்டைப் பற்றி மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதைத் தான் கேட்டதேயில்லை என்று தோழி பின்னர் எங்களிடம் சொன்னாள்.

வடகடல் அண்ணன் நேரம், உரிமை, வழி என்று மூன்றைச் சொன்னார். அவரோடு எனக்கு முழு உடன்பாடு, ஆனால் பெண்களுக்கு நான்காவதாக ஒன்று வேண்டும்: கழிவறை. ஓர் இடத்துக்குப் போவதா இல்லையா என்பதை எங்கள் ஆறு பேருக்குள் அதுதான் தீர்மானிக்கிறது. தண்ணீர் குடிக்காமல் போய்வரும் பெண்களை நான் அறிவேன். கொழும்பு வெக்கையில் அது எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்லத் தேவையில்லை. திறந்தவெளியை அழகுபடுத்துகிறோம் என்று கட்டப்படும் இடங்களில் விளக்கும் புல்லும் வருகின்றன. பூட்டப்படாத, தண்ணீர் வரும் கழிவறையும் நிழல்தரும் மரமும் கடைசியாகத்தான் வருகின்றன. சிலவேளை வருவதேயில்லை. இந்த இரண்டும் இருந்தால் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் வெளியே வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கறுத்துப்போகும் என்ற பேச்சைப் பற்றி அக்கா எழுதியிருந்தீர்கள். அதை என் அம்மா விடுவதற்கு ஒரு வருடம் எடுத்தது. இப்போது தொப்பியோடு வருகிறார்.

மீண்டும்: தொடர்மாடிவாசி (வெள்ளவத்தை)

நீங்கள் நால்வரும் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். மஸ்கெலியாத் தம்பிக்கு முதலில் சொல்கிறேன்: மனம் நோகவில்லை. "எந்த நாம்?" என்ற கேள்வியை நான் என்னிடமே கேட்டிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் வேலைக்கு உதவும் பதுளைப் பெண் தன் விடுமுறை ஞாயிறுகளில் எங்கே போகிறாள் என்று இரண்டு வருடமாக நான் கேட்டதில்லை. நேற்றுக் கேட்டேன். கடற்கரைக்கு என்றாள். நாங்கள் யன்னலால் பார்க்கும் அதே கடற்கரைக்கு.

பழைய கொழும்பான் ஐயா, உங்கள் மகனைப் பற்றி வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பொது இடத்தில் எப்போதும் சுவரோரமாகத்தான் நிற்பார். அதை அவருடைய குணம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இந்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து மணலுக்கு இறங்கினேன். முன்னிரவு மழை பெய்திருந்ததால் மணல் இறுகிக் கிடந்தது. நண்டு வளைகளைச் சுற்றி அவை வெளியே தள்ளிய மணல் உருண்டைகள் கடுகுபோல வரிசையாகக் கிடந்தன. அவன் ஒவ்வொரு வளையாகக் குந்தியிருந்து பார்த்தான். நாங்கள் எங்கும் நடக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஏழு மணிக்கு முதுகில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழரைக்கு ரியூஷன் இருந்தது, அதற்கும் போனான்.

அதிகாலைப் பறவை, உங்கள் ஆறு பேருடன் ஒரு நாள் நானும் அம்மாவும் வரலாமா? அம்மாவுக்கு முழங்கால் நோ உண்டு, அதிக தூரம் நடக்கமாட்டார்.

பதில்: அதிகாலைப் பறவை (கொட்டாஞ்சேனை)

தாராளமாக வாருங்கள் அக்கா. வரும் ஞாயிறு காலையில் பெத்தகானவுக்குத்தான் போகிறோம். அம்மாவுக்கு ஏற்ற வேகத்தில் நடப்போம். தோழியின் மாமியாருக்கும் முழங்கால் நோதான், இருவரும் சேர்ந்து உட்காரலாம். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மழைக்கு ஒரு குடை போதும். பலகைகள் மழைக்குப் பிறகு வழுக்கும் என்பதால் வார்ச்செருப்பு வேண்டாம். இருக்கைகள் காலையில் ஈரமாக இருக்கும். வடகடல் அண்ணன் சொன்ன பஞ்சுத்தட்டு நம்மிடம் இல்லை, நான் பழைய அரிசிப் பைகளை நாலாக மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன், உங்கள் மூவருக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். மகனையும் கட்டாயம் கூட்டிவாருங்கள்.